கொலுசாறு தரையிறங்கிய முகூர்த்தம்

எங்கள் ஊர் நெடுங்கரையில் ஆறு தரையைத் தொட மறுத்தது ஓர் ஐப்பசி மாதக் காலையில்தான். மேற்கே மலையில் மழை பிடித்திருந்தது, கொலுசாற்றில் வெள்ளம் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, வருஷத்துக்கு ஒருமுறை வந்து எங்கள் சாக்கடையோடு கலந்து எங்கள் பாலிதீன் பைகளைத் தலையில் சுமந்துகொண்டு கிழக்கே போகிற அந்தத் தண்ணீருக்காக நாங்கள் வழக்கம்போல மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருந்தோம். அது வந்தது. ஊர் எல்லையில் குப்பைமேடு தொடங்குகிற இடம் வரைக்கும் வந்து, ஒரு கணம் நின்று பார்த்து, புதுச்சேலை கட்டிய பெண் சேற்றைக் கண்டதும் கொசுவத்தைக் கூட்டிப் பிடித்துத் தூக்குவதுபோலத் தன்னை மொத்தமாக, மீனோடும் நுரையோடும் மலையிலிருந்து கொண்டுவந்த தேக்கிலைகளோடும், இரண்டு ஆள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு, எங்கள் குப்பையின் மேல் ஒரு சொட்டுக்கூடப் படாமல் காற்றில் ஓட ஆரம்பித்தது.

வெள்ளம் வந்தால் தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கமே ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும் டவுன் பஸ், அன்று ஆற்றுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனது. கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலே பார்த்துவிட்டு, "டிக்கெட் எடுக்காதவியோ எடுத்துக்கிடுங்க" என்றார்.

இரண்டாம் நாளே நாங்கள் பழகிவிட்டோம். ஆற்றுக்கு அடியில் பச்சை வெளிச்சம் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் நின்றால் யாராக இருந்தாலும் பார்க்க லட்சணமாக இருந்தார்கள், அதனால் பெண் பார்க்கும் சடங்குகளெல்லாம் வீடுகளை விட்டு அங்கே இடம் மாறின. காய்கறிக்காரர்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அங்கே வைத்த கீரை சாயங்காலம் வரைக்கும் வாடவில்லை. தையல்காரர்கள் மெஷினைக் கொண்டுவந்து போட்டார்கள். மீனை அதன் வயிற்றுப் பக்கமாகவே பார்த்துப் பார்த்து, கெண்டை எது கெளுத்தி எது என்று எங்களுக்கு அடிப்பக்கத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது. குளிக்க ஆசைப்பட்டவர்கள் ஏணி வைத்து ஏறிக் குளித்துவிட்டு, ஏணியில் இறங்கி, தலை துவட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஆறுகளைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்து, ஆறு என்றால் அதற்கு இரண்டு கரையும் ஒரு படுகையும் இருக்க வேண்டும், இது தங்கள் பொறுப்பில் வராது என்றார். மேகங்களைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து வந்தவர், மேகத்தில் மீன் இருக்காது என்றார். இருவரும் ஆற்றுக்கு அடியில் பாய் விரித்துப் புளியோதரை சாப்பிட்டுவிட்டு, நல்ல இடம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒருவர் மட்டும் சங்கடப்பட்டார். ஊருக்குக் கிழக்கே வாழைத்தோட்டம் வைத்திருந்த உலகநாதன், ஆற்று மணலுக்கு அடியில் ரகசியமாகக் குழாய் பதித்து வருஷக்கணக்காகத் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தவர். ஆறு மேலே போனதும் அவருடைய குழாய்களும் மேலே போக வேண்டியதாயிற்று. யானைத் தும்பிக்கைகள்போல அவை வரிசையாக வானத்தைப் பார்த்து எழுந்து நின்று ஆற்றை உறிஞ்சுவதை ஊரே வேடிக்கை பார்த்தது. அவர் வெட்கப்பட்டு, குழாய்களுக்குச் சீலைத்துணி சுற்றி, மாவிலைத் தோரணம் கட்டி, திருவிழா அலங்காரம் மாதிரி ஆக்கிவிட்டார். அது இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

நஷ்டம் என்று பார்த்தால் அது சங்கரவடிவுக்குத்தான். அவள் வடிவு மஹாலின் சொந்தக்காரி. அவளுடைய கல்யாணம் ஒரு மாட்டுத்தொழுவில் மழை ஒழுக ஒழுக நடந்தது, தாலி கட்டும்போது நனைந்த மஞ்சள் கயிறு வழுக்கி மூன்று தடவை முடிச்சு அவிழ்ந்தது. இனி இந்த ஊரில் எந்தப் பெண்ணும் நனைந்துகொண்டு தாலி வாங்கக் கூடாது என்று அன்றைக்கே சபதம் எடுத்து, இட்லி அவித்தும் பந்தி பரிமாறியும் மேலேறி வந்து, ஆற்றங்கரையில் அந்த மண்டபத்தைக் கட்டினாள். பந்திக்கூடம் பெரிதாக வேண்டும் என்று அதை மட்டும் ஆற்றுக்குள் தூண் இறக்கிக் கட்டினாள். அவள் புருஷன் நம்பிராஜன், அதிகம் பேசாதவர், "ஆத்துக்குள்ள தூண் வேண்டாம் வடிவு" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். "ஆறு எங்கங்க வருது" என்றாள் அவள். அப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எச்சில் இலையும் கழுவிய தண்ணீரும் கூடத்தின் பின்பக்கக் குழாய் வழியாக ஆற்றுக்குள்தான் போயின. இப்போது வானத்து ஆற்றுக்கு அடியில் ஊர் இலவசமாகக் கல்யாணம் பண்ண, வடிவு மஹாலில் வௌவால் அடைந்தது.

தையில் நம்பிராஜனின் தங்கை ஆவுடை வந்தாள். ஆற்றின் கடைசி ஊரான கடையநேரியில் வாழ்க்கைப்பட்டவள். காபியைக் குடித்துவிட்டு, உறவுக்காரர் ஒருவருக்குப் பதவி உயர்வு கிடைத்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"மதினி, எங்க ஊர்ல ஆறு கொக்குக்கு மேல போவுது."

"என்னட்டி சொல்லுத?"

"இங்கன ரெண்டு ஆள் ஒசரம்லா. போகப் போக ஏறிருது. எங்க ஊரத் தாண்டும்போது வெள்ளிக் கம்பி மாதிரி தெரியும். தெனமும் எல்லாரும் கரையில நின்னு அண்ணாந்து பாப்போம். பாத்துட்டு வீட்டுக்குப் போயிருவோம். கிணத்துல வாளிய விட்டா சகதிதான் வருது."

அவள் சொன்ன பிறகுதான் நாங்கள் எங்கள் கிணறுகளை எட்டிப் பார்த்தோம். தலைக்கு மேல் ஆறு ஓட, தெருக்குழாயில் காற்று வந்துகொண்டிருந்தது. தொடாத தண்ணீரை மண் எப்படிக் குடிக்கும்? தென்னைகள் ஆற்றுக்கு அடியிலேயே குரும்பை உதிர்த்தன. அப்போதும் நாங்கள், சரி, ஆறு தன் இஷ்டப்படி இருக்கிறது, யார் என்ன செய்ய முடியும் என்றே பேசிக்கொண்டோம்.

வழி தெரிந்தது பூக்காரி மூக்கம்மாவால். அவள் தினமும் தன் கடை போடுகிற இடத்தை, ஆற்றுப் படுகையில் ஒரு பாய் அகலத்தை, கண்ணாடிச் சில்லும் முள்ளும் போகப் பெருக்கி, மண் தெரிய வைத்துக் கோலம் போட்டுவிட்டுத்தான் உட்காருவாள். ஒரு நாள் நிமிர்ந்தபோது தலையில் ஆறு இடித்தது. அந்த ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் ஆறு தூளி மாதிரி தாழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டி அதிலேயே பூவுக்குத் தண்ணீர் தெளித்தாள்.

பேரூராட்சித் தலைவி எஸ்தர் தங்கபுஷ்பம் வந்து பார்த்தார். அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கழுத்தில் விசிலைக் கழற்றாதவர். கோலத்தைப் பார்த்தார், தொங்குகிற ஆற்றைப் பார்த்தார், விசிலை ஊதினார்.

"இதுக்கு மந்திரம் ஒண்ணும் வேண்டாம். வெளக்கமாறு இருக்கவங்க வெளக்கமாறோட வாங்க, மம்பட்டி இருக்கவங்க மம்பட்டியோட வாங்க."

அப்படி ஒரு வேலையை நெடுங்கரை அதற்கு முன் செய்ததில்லை. ஊர் மொத்தமும் படுகைக்குள் இறங்கி, தலைக்கு மேலே ஆற்றுநிழல் இருந்ததால் வெயில் தெரியாமல், வியர்வை வழியாமல், சீமைக்கருவேல முள்ளை வேரோடு பிடுங்கியது. குப்பையைக் கிளறக் கிளற, தொலைந்ததெல்லாம் கிடைத்தது: ஒரு ஸ்கூட்டர், ஒரு கல்யாணக் கட்டில், ஒரு பல்செட், கோபத்தில் எறிந்த மூன்று அம்மிக்குழவிகள். கண்டெடுத்தவர்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்க, தீர்ந்துபோன சண்டைகள் திரும்ப ஆரம்பித்துச் சிரிப்பில் முடிந்தன. வீட்டுச் சாக்கடைகளெல்லாம் ஆற்றை விட்டுத் திருப்பப்பட்டு, கல்வாழையும் கோரையும் நட்ட குழிகளுக்குள் போயின. கரை சரிந்த இடத்தில் மருதமும் நாணலும் வைத்தோம். ஒவ்வொரு பகுதி சுத்தமானதும், புதுத் தொழுவை மோந்து பார்க்கிற பசு மாதிரி ஆறு அங்கே குனிந்து பார்க்கும், இன்னும் கொஞ்சம் குனியும், பிறகு முழங்கால் போட்டு உட்காரும். அது உட்கார்ந்த தெருக்களில் கிணறுகள் தொண்டையைச் செருமின.

மாசி முடிவதற்குள் ஆறு ஊருக்குள் எல்லா இடத்திலும் தரையிறங்கிவிட்டது, வடிவு மஹாலைத் தவிர. பந்திக்கூடத்தின் முன்னால் வந்ததும் அது கூரை மேல் ஏறியது. சுவரில் ஏறும் பூனை மாதிரி உடம்பை வளைத்து ஏறி, மொட்டைமாடியைத் தாண்டி, ஏறின வேகத்திலேயே மறுபடி வானத்துக்குத் தாவி, கடையநேரிப் பக்கம் போய்விட்டது.

அதைப் பார்க்க ஜனம் குவிந்தது. ஆறு மாடி ஏறுகிற மண்டபம் என்று பெயர் பரவி, தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் தேதி கேட்டு வந்தார்கள். மேடையைப் பார்த்து உட்கார்ந்தால், கண்ணாடி ஜன்னல் வழியாக மணமக்களின் தலைக்குப் பின்னால் மீன்கள் படியேறிப் போவது தெரிந்தது. சங்கரவடிவு பட்டுச்சேலையை மாற்ற நேரமில்லாமல் சுற்றி வந்தாள், ராத்திரி தூக்கத்திலும் "ரசம், ரசம்" என்றாள். எஸ்தர் ஒரு தடவை வந்து, "அந்தக் கூடத்தப் பத்திப் பேசணும்" என்றார். "முகூர்த்த மாசம் போகட்டும் டீச்சர்" என்றாள். முகூர்த்த மாசங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.

வைகாசியில் ஒரு கல்யாணத்துக்கு ஆவுடையும் வந்திருந்தாள். சாப்பிட்டு எழுந்து கை கழுவுகிற இடத்தில் எல்லோரும் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிக்கொண்டிருக்க, அவள் குழாயடியில் ஒரு டம்ளரை வைத்துப் பாதி பிடித்து, குழாயை இறுக்கி மூடி, ஒவ்வொரு விரலாகக் கழுவினாள். மிச்சமிருந்த ஒரு வாய்த் தண்ணீரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்து, அங்கே அலங்காரத்துக்குக் கட்டியிருந்த வாழைமரத்தின் அடியில் ஊற்றினாள். பின்னாலேயே வந்த சங்கரவடிவு கேட்டாள்:

"வெட்டுன மரத்துக்கு எதுக்குட்டி தண்ணி?"

ஆவுடை திரும்பிப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தாள்.

"தெரியும் மதினி. கை கேக்க மாட்டேங்கு."

சங்கரவடிவு உள்ளே போய்ப் பாயசம் பரிமாறினாள். எந்த இலைக்கு ஊற்றினோம், எந்த இலைக்கு ஊற்றவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் மொட்டைமாடிக்குப் போய், ஏறிக்கொண்டிருந்த ஆற்றுக்குள் கையை விட்டாள். தண்ணீர் அவள் கையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது. இந்தக் கூடத்தில் ஒவ்வொரு செங்கல்லும் அவளுக்குத் தெரியும். எந்த மூலையில் எந்தக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள் என்பதுகூடத் தெரியும். கீழே இறங்கி வந்தபோது நம்பிராஜன் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பந்திக்கூடத்த எடுத்துருவோம்" என்றாள்.

அவர் கேனைக் கீழே வைத்தார். "எப்ப?"

"வெள்ளிக்கெழம முகூர்த்தம் ஒண்ணு இருக்குலா. அது முடிஞ்ச பெறகு."

"முடிஞ்ச பெறகு ஆளு கெடைக்குமா? சாப்ட்டுட்டுக் கெளம்பிருவாவ."

"அப்ப சாப்ட்ட கையோட" என்றாள்.

நம்பிராஜன் சிரித்ததை அவள் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

அந்த முகூர்த்தத்தின் மாப்பிள்ளை இசக்கிமுத்து ஜேசிபி ஓட்டுகிறவன், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் அதில்தான் வருவதாக இருந்தான். சங்கரவடிவு இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, மண்டபத்துக்கு வாடகை வேண்டாம், பதிலுக்குச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சேர்ந்து கூடத்தை இடித்துத் தர வேண்டும் என்றாள். கல்யாண நாளில் இடிக்கிறதா, அபசகுனம் என்று பெண்ணின் பெரியப்பா எழுந்தார். கல்யாணப்பெண் முப்பிடாதி நிமிர்ந்தாள்.

"இருக்கட்டும் பெரியப்பா. எனக்காக யாரும் இதுவரைக்கும் எதையும் இடிச்சதில்ல."

இசக்கிமுத்து வெட்கத்தில் சாவியைக் கீழே போட்டுவிட்டு எடுத்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. தாலி ஏறியது, பந்தி நடந்தது, அவியலும் சொதியும் அடைப்பிரதமனுமாக நெடுங்கரையில் அப்படி ஒரு பந்தி அதற்குப் பிறகும் நடக்கவில்லை. கடைசி இலை எடுத்ததும் எஸ்தர் விசில் ஊதினார். பட்டுவேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டன, பட்டுச்சேலைகள் இடுப்பில் செருகப்பட்டன. பெண்கள் வரிசையில் நின்று அண்டாக்களையும் பெஞ்சுகளையும் கைமாற்றி வெளியே கொண்டுபோக, ஆண்கள் கூரையில் ஏறித் தகடுகளைக் கழற்ற, நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்தை நிறுத்தாமல் வாசிக்க, கொம்பில் சாமந்திமாலை போட்ட ஜேசிபியில் இசக்கிமுத்து ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் முப்பிடாதியை ஏற்றிக்கொண்டு, முதல் சுவரைத் தொட்டான். பிரம்மாண்டமான பிஸ்கட் மாதிரி அது விழுந்தது. முதல் சுவர் விழும்போது சங்கரவடிவு கண்ணை மூடிக்கொண்டாள், இரண்டாவதுக்கு ஒரு கண்ணைத் திறந்தாள், மூன்றாவதுக்குத் தானே ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனாள். கோபித்துக்கொண்டு வெளியே நின்றிருந்த பெரியப்பா சட்டையைக் கழற்றிவிட்டு வந்தார். சாயங்கால வெயில் சாய்வதற்குள் தூண்கள் அடியோடு பெயர்ந்தன, இடிபாடுகள் மேட்டுக்கு ஏறின, பின்பக்கக் குழாய் அடைக்கப்பட்டது, மூக்கம்மா பெருக்கினாள்.

அவ்வளவு நேரமும் ஆறு எங்கள் தலைக்கு மேலே, பிடிமானம் எதுவும் இல்லாமல், வில்லாக வளைந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கடைசிச் செங்கல் போனதும், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற தாய் எப்படிக் குனிவாளோ அப்படிக் குனிந்து, நடுவில் நின்ற எங்கள் எல்லோரையும் முழங்கால்வரை, இடுப்புவரை நனைத்துக்கொண்டு, மண்ணில் படுத்தது. கூழாங்கற்கள் ஒன்றோடொன்று உரசிக் குலுங்கின. அதற்கு ஏன் கொலுசாறு என்று பெயர் வைத்தார்கள் என்று எங்களில் பாதிப்பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முப்பிடாதி தலையிலிருந்து கால்வரை நனைந்து, ஈரத்தாலியைப் பிழிந்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். எந்தப் பெண்ணும் நனையக் கூடாது என்று சபதம் போட்ட சங்கரவடிவு அதைப் பார்த்து, சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், விக்கல் எடுத்து, அந்த விக்கலுக்கு ஆற்றையே அள்ளிக் குடித்தாள்.

தண்ணீரின் முனை கிழக்கே நகர்ந்தது. காய்ந்த படுகையில் அது மெதுவாக, ஒவ்வொரு குழியிலும் நின்று நிரப்பிவிட்டு, நாய்க்குட்டி மாதிரி நுரைமூக்கை நீட்டிக்கொண்டு போனது. நாங்கள் அதன் கூடவே ஓடினோம், கல்யாணம் மொத்தமும், தவில்காரர் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு, சமையல்காரர்கள் கரண்டியோடு, ஜேசிபி கரையோரமாக, அதன் தொட்டிக்குள் பெரியப்பா.

உலகநாதனின் தோட்டத்தருகே குழாய்கள் தோரணத்தோடு மறுபடி மண்ணில் படுத்திருந்தன, வாயைத் திறந்துகொண்டு. மோட்டாரில் கை வைத்தபடி அவர் நின்றார். அறுபது எழுபது பேர் ஈரப் பட்டில் மூச்சிரைக்க அவரையே பார்த்தார்கள். எஸ்தர் விசிலை எடுக்கவில்லை, கிட்டப் போய்ச் சொன்னார்:

"அண்ணாச்சி, இன்னைக்கு இத விடுங்க. கடைசி ஊரு மொதல்ல குடிக்கட்டும். அங்கேருந்து மேல வருவோம், உங்களுக்கும் முறை உண்டு. உங்க வாழ வாடாது, அதுக்கு நான் பொறுப்பு."

"முறையின்னா எல்லாருக்கும் முறையா?" என்று கேட்டார் அவர்.

"எனக்கும் சேத்துத்தான்" என்றாள் சங்கரவடிவு.

உலகநாதன் தண்ணீரின் முனையைப் பார்த்தார். அது முதல் குழாயின் வாயருகே வந்து, போகலாமா என்று கேட்பதுபோலத் தயங்கியது. அவர் மோட்டாரிலிருந்து கையை எடுத்து, குழாய்வாயை அடைத்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "போ, போ" என்றார், மாட்டை ஓட்டுகிற மாதிரி. அடுத்த குழாயில் அவர் மனைவி உட்கார்ந்தாள். மற்றக் குழாய்களுக்குக் கல்யாண வீட்டில் ஆள் இருந்தது.

கடையநேரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்த ஊர் ஜனம் வழக்கம்போலக் கரையில் கூடி, கையைப் புருவத்தில் வைத்து அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வானத்தில் ஒன்றுமில்லாமல் இருந்ததால் இன்னும் உற்றுப் பார்த்தார்கள். ஆற்றுப் படுகையில் வந்த தண்ணீரை முதலில் பார்த்தது ஓர் எருமை. அது இறங்கிப் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டது. கல்யாணத்திலிருந்து எங்களோடு ஓடி வந்த ஆவுடை அதே மூச்சில், "ஏ, கீழ பாருங்க" என்றாள். எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.

யாரும் கத்தவில்லை. எதிர்பாராத விருந்தாளி நடுவீட்டுக்குள் வந்துவிட்டால் எப்படித் தடுமாறுவோமோ, அப்படித் தடுமாறினார்கள். ஒரு பெண் அவசரமாகத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். இன்னொருத்தி வீட்டுக்குள் போய் விளக்கைப் போட்டுவிட்டு வந்தாள். ஆவுடையின் புருஷன் ஓடிப்போய், வீட்டிலிருந்த ஒரே மரநாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கரையோரத்தில் போட்டு, துண்டால் தட்டித் துடைத்தார்.

"யாருக்குங்க நாக்காலி?" என்று ஆவுடை கேட்டாள்.

"தெரியல" என்றார் அவர், கண் கலங்கி. "வந்திருக்குலா."

தண்ணீர் ஏறி வந்தது. நாற்காலியின் கால்களைச் சுற்றிப் பார்த்தது, பின்னங்கால்களுக்கிடையில் புகுந்து முன்னால் வந்தது, மெல்ல மெல்ல உயர்ந்து இருக்கையின் பலகைக்குச் சமமாக வந்ததும், அதற்கு மேல் ஏறாமல், கீழேயும் போகாமல், அப்படியே அதில் அமர்ந்தது.